இரண்டு பனகலும் ஒரு மந்திரிசபையும்: கோட்டையிலிருந்து தி. நகர் வரை

‘பனகல் போகணும்’ என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறாதீர்கள். சென்னையில் பனகல் இரண்டு. ஒன்று தி. நகர் பனகல் பார்க், இன்னொன்று சைதாப்பேட்டை பனகல் மாளிகை. தப்பான பனகலில் இறங்கிவிட்டு ‘சரியான பனகலுக்கு’ மறுபடி பேரம் பேசும்போதுதான் பர்ஸ் கரையும். இடையில் இருப்பது நாலு கிலோமீட்டர் சுமார். அதற்கு இந்தப் பயணத்தில் ஓர் ஆட்டோக்காரர் கேட்டது 300 ரூபாய். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். நாலு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 52 ரூபாய்கூட வராது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது, அந்தக் கட்டணத்தில் வண்டி ஓட்டக் கட்டாது என்பதெல்லாம் நியாயம். அதற்காக ஆறு மடங்கா? செயலியில் பதிவு செய்து காட்டும் தொகையைக் கொடுங்கள். அதைவிட நல்ல வழி மின்சார ரயில். சைதாப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் மாம்பலம், டிக்கெட் 5 ரூபாய்.

இரண்டு பனகலும் ஒரே மனிதரின் பெயர்தான். காளஹஸ்தியில் 1866இல் பிறந்த பனகல் அரசர் ராமராயநிங்கார், சென்னை மாகாணத்தின் முதல் மந்திரிசபையில் உள்ளாட்சி மந்திரி, பிறகு முதல் மந்திரி. அந்த மந்திரிசபையைத் தேடி ஊரைச் சுற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே நாளில் முடியும், செலவும் கம்மி. விளக்கப் பலகைகளை நம்பிக் கிளம்பினால் மட்டும் ஏமாற்றம்தான். ஊர் முழுக்க இந்தப் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் யார் என்று சொல்லத்தான் ஆளில்லை. எனவே வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் அது. மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பாடப் புத்தகத்தில் படித்த 1919 சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. அப்போது மாகாணம் என்றால் வடக்கே கஞ்சம், மேற்கே மலபார், தென் கன்னடம் வரை. ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல், ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. அந்தப் பன்னிரண்டரை லட்சத்திலும் ஓட்டுப் போட்டவர்கள் கால்வாசிப் பேர்தான். ஒத்துழையாமையை முன்வைத்து காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில், பிராமணரல்லாதார் கட்சியான நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. கவர்னர் வில்லிங்டன் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரை அழைத்தார். அவர் பதவி வேண்டாம் என்று சொல்லி, கடலூர் வக்கீல் ஏ. சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். 1920 டிசம்பர் 17 அன்று மூன்றே பேர் மந்திரிகளானார்கள். கல்வி, கலால், பொதுப்பணி ரெட்டியாருக்கு. உள்ளாட்சி, மருத்துவம், சுகாதாரம் பனகலுக்கு. விவசாயம், தொழில், கூட்டுறவு போன்ற வளர்ச்சித் துறைகள் கே. வி. ரெட்டி நாயுடுவுக்கு.

மூன்று பேர் போதுமா என்று கேட்டால், அரசாங்கத்தில் பாதிதான் அவர்கள் கையில். இதுதான் இரட்டையாட்சி. காசு, போலீஸ், நிலவரி, பாசனம் எல்லாம் ‘ஒதுக்கப்பட்ட’ துறைகள். அவை கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்கள் கையில். நிதி சார்லஸ் டாட்ஹண்டரிடம், உள்துறை லயனல் டேவிட்சனிடம், வருவாய் முகம்மது ஹபிபுல்லாவிடம், சட்டம் கே. சீனிவாச ஐயங்காரிடம். இவர்கள் கவர்னருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், சட்டசபைக்கு அல்ல. சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டிய மூவருக்குக் கிடைத்தவை ‘மாற்றப்பட்ட’ துறைகள்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை, பஞ்சாயத்து. மக்கள் கேள்வி கேட்கும் துறையெல்லாம் இந்தப் பக்கம், சாவி அந்தப் பக்கம். இந்தப் பிளவை மனசில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் இந்த வழித்தடத்துக்கு அர்த்தம் வரும்.

கோட்டையில் தொடங்குங்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் வந்தால் கோட்டை ஸ்டேஷன், மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம். ரயில்தான் மலிவு. அடையாள அட்டை கட்டாயம் வேண்டும், பை சோதனை உண்டு. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்கும் இடம் என்பதால் கேமராவைக் கண்டபடி தூக்காதீர்கள், போலீஸ் தடுத்தால் வாதாடவும் வேண்டாம். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாளில் கெடுபிடி பல மடங்கு, அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அவை நடப்பதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கத்தான் ஆசை என்றால் உங்கள் தொகுதி எம்எல்ஏ மூலம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, கோட்டைக்குள் நிம்மதியாக நுழைந்து பார்க்கக்கூடிய இடம் அதுவும் செயின்ட் மேரி தேவாலயமும்தான். அருங்காட்சியக டிக்கெட்டுக்குச் சில்லறையாக முப்பது ரூபாய் வைத்துக்கொண்டால் போதும்.

1921 முதல் 1937 வரை மாகாணச் சட்டசபை கூடியது இந்தக் கோட்டைக்குள் இருந்த கவுன்சில் மண்டபத்தில்தான். 1921 ஜனவரி 12 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கன்னாட் கோமகன் சபையைத் திறந்து வைத்தார். சபைத் தலைவர் சர் பி. ராஜகோபாலாச்சாரி. பெயரைப் பார்த்துப் பின்னாளில் மாகாணத்தின் முதல்வரான ராஜாஜியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு ஆள், பழைய அரசு அதிகாரி. ஏப்ரல் 1 அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் தீர்மானம் இந்தச் சபையில் நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் அதைச் செய்தது சென்னைதான் முதலில். இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறிய சுவருக்கு வெளியே நிற்கிறோம் என்பதே பெரிய விஷயம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வந்து இதைச் சொல்ல வேண்டும், பீரங்கியை மட்டும் காட்டித் திருப்பி அனுப்புகிறோம்.

1923 நவம்பரில் நடந்த கூத்தும் இங்கேதான். இரண்டாவது தேர்தல் முடிந்து பனகல் மறுபடி பதவியேற்ற சில நாட்களிலேயே, நீதிக்கட்சியிலிருந்து பிரிந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். நவம்பர் 28 அன்று வாக்கெடுப்பு, ஆதரவாக 44, எதிராக 65. மந்திரிசபை பிழைத்தது. ஏன் இந்தக் கோபம்? பல காரணங்களில் ஒன்று, பதவி பங்கீடு. சுப்பராயலு ரெட்டியார் உடல்நலம் கெட்டு 1921 ஜூலை 11இல் விலகினார், அதே ஆண்டு இறந்தும் போனார். பனகல் முதல் மந்திரியானார், காலியான இடத்துக்குப் பெர்ஹாம்பூரைச் சேர்ந்த ஏ. பி. பாத்ரோ வந்தார். பனகல், ரெட்டி நாயுடு, பாத்ரோ என்று பார்த்தால் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒருவர்கூட இல்லை. தமிழ் உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். 1923இல் ரெட்டி நாயுடுவை விட்டுவிட்டு, திருநெல்வேலிக்காரர் டி. என். சிவஞானம் பிள்ளையைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

கோட்டையிலிருந்து பூங்கா ஸ்டேஷன் ஒரே ஸ்டேஷன் தூரம். இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை. சுரங்கப்பாதையைப் பயன்படுத்துங்கள், சென்ட்ரல் எதிரே சாலையில் குறுக்கே ஓடுவது உயிருக்கு ஆபத்து. 1913இல் திறந்த இந்த வெள்ளை மாளிகையின் முன்னால் தியாகராயர் சிலையாக நிற்கிறார். முதல் மந்திரி நாற்காலியை வேண்டாம் என்ற மனிதர், இந்த மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர். மாகாணத்தை ஆள்வதைவிடத் தன் ஊரின் குடிநீரும் பள்ளிக்கூடமும் அவருக்கு நெருக்கமாக இருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படம் எடுக்கக் காலை நல்லது, மத்தியானம் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசும்.

சென்ட்ரல் மெட்ரோவில் ஏறி அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்துக்குப் போங்கள். மெட்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தம், ஏசி, நேரத்துக்கு வருகிறது, எல்லாம் சரி. ஒரு நிறுத்தத்துக்கு இறங்கி ஏறுவதற்குள் நடைமேடைக்கும் தெருவுக்கும் இடையே நடக்கும் நடைதான் அதிகம். சென்ட்ரலில் எந்த வாயில் என்று பார்க்காமல் போனால் பத்து நிமிஷம் போய்விடும். கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி அதிகபட்சமே 50தான், க்யூஆர் டிக்கெட்டில் இன்னும் குறைவு. சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்பது பெரிய உபகாரம், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெண்களுக்குச் சாதாரண கட்டணப் பஸ்களில் இலவசம் என்பதால் கூட்டமாகப் போகும் பெண்கள் இந்த வழியை முழுக்கப் பஸ்ஸிலேயே போட்டுக்கொள்ளலாம், நேரம் மட்டும் கூடும்.

அரசினர் தோட்டத்தில் வில்லிங்டன் குடியிருந்த கவர்னர் மாளிகை இன்று இல்லை, புதிய தலைமைச் செயலகத்துக்காக இடித்துவிட்டார்கள். அந்தச் செயலகமும் இன்று பல்நோக்கு மருத்துவமனை. மிச்சம் இருப்பது கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம், நமக்கு ராஜாஜி ஹால். 1938, 39இல் சட்டசபை இதற்குள் கூடியிருக்கிறது. உள்ளே போக வழியில்லை, அகலமான படிக்கட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகக் கிழக்கே நடந்தால் சேப்பாக்கம், கடற்கரைக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். இது பாத்ரோவின் இடம். கல்வி மந்திரியாக அவர் கொண்டுவந்த 1923 சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிர்வாகத்தை மாற்றியமைத்தது. 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டமும் இந்த மந்திரிசபையின் காலத்தில்தான் வந்தது. தெலுங்கு மாவட்டங்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்பது அப்போது சின்ன விஷயமில்லை. செனட் ஹவுசுக்குள் நினைத்த நேரத்தில் விட மாட்டார்கள். சிஷோம் வடிவமைத்த கோபுரங்களை வளாகத்திலிருந்து பார்க்கலாம்.

இதற்குள் பசி எடுக்கும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு நடங்கள், ரத்னா கஃபே இருக்கிறது. இட்லியைச் சாம்பாரில் நனைப்பது என்பதற்கு இந்தக் கடையில் வேறு அளவு. தட்டில் இட்லி வைத்த கையோடு சாம்பாரைத் தாராளமாக ஊற்றுகிறார்கள், இட்லி மூழ்குகிறது, கேட்டால் இன்னும் ஊற்றுகிறார்கள். ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும், கையால் முயன்றால் பாதி தட்டிலேயே தங்கிவிடும். காரம் குறைவு, லேசான இனிப்பு, பருப்பு கரைந்த கொழகொழப்பு. ஆறிப்போனால் சுவை பாதி, வந்தவுடன் இறங்கிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தி. நகர் வரை காத்திருக்காதீர்கள். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு தோசையும் காபியும் வந்த பில்லில் இங்கே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கலாம், காபியும் ஆறியே வந்தது.

சாயங்காலத்தைத் தி. நகரில் கழிக்க விருப்பமில்லாதவர்கள் வழியைத் திருப்பிப் போட்டு, கோட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மா அத்தோ கடைகள் சூடாக இருக்கும். தடி நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சூப்பை இன்னொரு தடவை கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். ஆனால் அருங்காட்சியகம் 5 மணிக்கு மூடிவிடும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அரசினர் தோட்டத்துக்குத் திரும்பி மெட்ரோவில் சைதாப்பேட்டை அல்லது சின்னமலை. எதில் இறங்கினாலும் பனகல் மாளிகைக்கு நடந்துவிடலாம். பேப்பரில் ‘சைதாப்பேட்டை பனகல் மாளிகை முன்பு ஆர்ப்பாட்டம்’ என்று அடிக்கடி வருமே, அந்த இடம்தான். ஆர்ப்பாட்டம் நடக்கும் நாளில் அந்தப் பக்கப் போக்குவரத்து நகராது, அப்போதும் ரயில்தான் காப்பாற்றும். ஊரக வளர்ச்சி, ஊராட்சி இயக்ககம் இந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. பஞ்சாயத்து நிர்வாகம் நடக்கும் இடத்துக்கு உள்ளாட்சி மந்திரியின் பெயர், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

பனகலின் பலமே உள்ளாட்சிதான். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, நகராட்சிகளில் தலைவர்களையும் நியமன உறுப்பினர்களையும் போடும் அதிகாரம் அவர் துறையில் இருந்தது. பிறகு வந்த இந்து அறநிலையச் சட்டம் கோயில் நிர்வாகத்தையும் அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தது. 1922 டிசம்பரில் மசோதாவாக வந்து, எதிர்ப்பும் தடங்கலும் தாண்டி 1925இல் சட்டமானது. போர்டுத் தலைவர் பதவி வேண்டும், கோயில் கமிட்டியில் இடம் வேண்டும் என்றால் பனகலைப் பார்க்க வேண்டும். சட்டசபையில் தலைகள் அப்படித்தான் எண்ணப்பட்டன. நீதிக்கட்சி மந்திரிசபை ஆறு ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு இது முக்கியக் காரணம். இதை ஊழல் என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்கள், காசும் போலீசும் இல்லாத ஒரு முதல் மந்திரி வேறு எதை வைத்துக் கட்சியைப் பிடித்திருக்க முடியும் என்றும் சொல்ல வேண்டும்.

காசு எங்கே போயிற்று என்று கேட்டால், பனகல் மாளிகைக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சைதாப்பேட்டை தாடண்டர் நகர். அரசு ஊழியர் குடியிருப்பு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். தாடண்டர் என்பது நிதி உறுப்பினர் டாட்ஹண்டர். ஒதுக்கப்பட்ட துறையின் பெட்டகக்காரரும் மாற்றப்பட்ட துறையின் முதல் மந்திரியும் இன்றைக்கும் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். இந்த வழித்தடத்தில் நான் எல்லோரையும் கட்டாயம் நிற்கச் சொல்வது இந்த இடத்தில்தான். பார்க்க ஒன்றும் இல்லை, பழைய குடியிருப்புகள், மரம், டீக்கடை. ஆனால் இரட்டையாட்சி என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தெருமுனை இந்த ஊரில் வேறில்லை.

டாட்ஹண்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மெஸ்டன் ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மாகாணமும் மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். மொத்தம் 983 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு 348 லட்சம். பம்பாய்க்கு 56, வங்காளத்துக்கு 63. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் தலையில். பள்ளிக்கூடம் கட்டக் காசில்லை, கிணறு வெட்டக் காசில்லை என்று மந்திரிகள் சட்டசபையில் திட்டு வாங்கியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அதோடு மந்திரிகளுக்கு மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம். இது மட்டும் என்னால் ஏற்க முடியாத விஷயம். 1937இல் வந்த காங்கிரஸ் மந்திரிகள் 500 ரூபாய் வாங்கினார்கள். ஏழை மாகாணம் என்று டில்லியிடம் வாதாடுகிறவர்கள் தங்கள் சம்பளத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

ரெட்டி நாயுடு இதையெல்லாம் பதவி போன பிறகு வெளிப்படையாகவே சொன்னார். 1924இல் சீர்திருத்தங்களை ஆராய்ந்த முடிமன் கமிட்டிக்கு அவர் தந்த வாக்குமூலம் இந்திய அரசியல் வரலாற்றில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுவது. அவர் வளர்ச்சி மந்திரி, ஆனால் காடுகள் அவரிடம் இல்லை. விவசாய மந்திரி, ஆனால் பாசனம் இல்லை, விவசாயக் கடன் சட்டமும் இல்லை. தொழில் மந்திரி, ஆனால் ஆலைகள், கொதிகலன்கள், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் எதுவும் இல்லை. 1921இல் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு துப்பாக்கிச் சூடு வரை போனபோது, தொழிலாளரும் போலீசும் இரண்டுமே மறுபாதி அரசாங்கத்தின் கையில். மந்திரிகள் பெயர் கெட்டது, அதிகாரம் வேறு எங்கோ இருந்தது. அந்த ரெட்டி நாயுடுதான் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜென்ட், 1936இல் சென்னையின் தற்காலிக கவர்னர், 1937 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இடைக்கால மந்திரிசபையின் தலைவர்.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி மாம்பலம். மாலை 5 மணிக்கு மேல் இந்த ரயிலில் ஏறாதீர்கள், ஏறினாலும் மாம்பலத்தில் இறங்க விட மாட்டார்கள். 4 மணிக்குள் வந்துவிடுவது உத்தமம். ரங்கநாதன் தெருவில் திருவிழாக் கூட்டம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் ஸ்டேஷனிலிருந்தே கிளம்பும் ஆகாய நடைபாலத்தில் தி. நகர் பஸ் நிலையத்துக்குப் போய், உஸ்மான் சாலையில் வடக்கே திரும்புங்கள். சற்றுச் சுற்று, ஆனால் மூச்சு விடலாம்.

நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கிய நகர்தான் தியாகராய நகர். 1925இல் மறைந்த தியாகராயரின் பெயர் அதற்கு. பனகல் பார்க்கின் வாசலில் நின்று சுற்றிப் பார்த்தால் நீதிக்கட்சியே சாலைகளாகப் பிரிந்து போவதைக் காணலாம். தெற்கிலும் வடக்கிலும் உஸ்மான் சாலை, நிர்வாக சபை உறுப்பினராக இருந்து 1934இல் தற்காலிக கவர்னரான முகம்மது உஸ்மான் பெயர். கிழக்கே சர் தியாகராயர் சாலை, அதன் பாண்டி பஜார் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அதிலிருந்து தணிகாசலம் சாலை. இன்னொரு பக்கம் ஜி. என். செட்டி சாலை, அதில் தியாகராயர் மண்டபம், சற்று தள்ளி டாக்டர் நாயர் சாலை. கட்சியை உண்டாக்கியவர்களில் ஒருவரான டி. எம். நாயர் 1919 ஜூலையில் லண்டனில் இறந்துவிட்டார், மந்திரிசபையைப் பார்க்கவே இல்லை. வெங்கடநாராயணா சாலையில் நடேசன் பூங்கா, திருவல்லிக்கேணியில் மாணவர்களுக்கு விடுதி நடத்திய டாக்டர் நடேச முதலியார் பெயரில். ஹபிபுல்லா சாலையும் இதே வட்டாரம்தான்.

பூங்காவுக்குள் பனகல் அரசர் சிலை இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகப் பூங்காவின் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்ததிலிருந்து சுற்றுப்புறம் தூசியும் மாற்றுப்பாதையுமாகத்தான் கிடக்கிறது. பாண்டி பஜார் பக்கத்து அகலமான நடைபாதை நல்ல விஷயம், உட்கார இருக்கை இருக்கிறது, காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கால் வலிக்கு அதுதான் மருந்து. துணி வாங்கும் எண்ணத்தோடு வந்தால் வரலாறு அம்போ, பட்ஜெட்டும் அம்போ. இந்தப் பயணத்தை வாங்கும் நாளோடு சேர்க்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பனகல் பார்க் பக்கம் வருவதே வீண்.

இந்த மந்திரிசபையின் தீர்மானங்களிலேயே அதிகம் பேசப்படுவதைத் தெருவில் பார்க்க முடியாது, தாளில்தான் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 16 தேதியிட்ட 613ஆம் எண் அரசாணை, முதல் வகுப்புவாரி அரசாணை. அரசு வேலை நியமனங்கள் எந்தச் சமூகத்துக்கு எத்தனை என்று பிரித்து அரையாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டும்படி எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் அதை விரித்து இன்னோர் ஆணை. உத்தரவு போட்டதும் எல்லாம் மாறிவிடவில்லை. அடுத்து வந்த சுப்பராயன் மந்திரிசபையில் முத்தையா முதலியார் மந்திரியாக வந்து 1927, 28இல்தான் அது உண்மையான இட ஒதுக்கீடாக நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் பேசும் இட ஒதுக்கீட்டின் முதல் தாள் அந்த 613தான்.

அதைத் தேட எழும்பூர் ஸ்டேஷன் எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இதற்கு வேலை நாளில் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை இரண்டும் வேண்டும். கையை வீசிக்கொண்டு போனால் விசாரணை மேசையோடு திரும்ப வேண்டியதுதான். போனதும் ‘முதல் மந்திரிசபை பற்றி ஏதாவது’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. துறை, அரசாணை எண், தேதி மூன்றும் எழுதிக் கொடுங்கள், எண் தெரியாவிட்டால் அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியை முதலில் கேளுங்கள். சட்டசபை விவாதத் தொகுதிகளுக்குக் கன்னிமாரா நூலகத்தையும் முயலலாம், அதுவும் எழும்பூரிலேயே, நடக்கும் தூரம். பழைய தாள் தொட்டால் உதிரும், புகைப்படத்துக்கு அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். பென்சிலும் நோட்டும் எடுத்துப் போங்கள், படிக்கும் அறையில் பேனாவை விரும்ப மாட்டார்கள்.

சுற்றுலாவுக்கான செலவுக் கணக்கு: மின்சார ரயில் மூன்று முறைக்கு 15 ரூபாய், மெட்ரோ எல்லாம் சேர்த்து அறுபது எழுபதுக்குள், அருங்காட்சியக டிக்கெட், ஒரு நல்ல டிபன், இரண்டு டீ, ஒரு பாட்டில் தண்ணீர். ஆளுக்கு 300 ரூபாய் தாண்டக் காரணமே இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டாம், வாலாஜா சாலை வெயிலில் நடக்க முடியாது. டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் நல்ல காலம். வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் இல்லாத நாளாகப் பார்த்துக் காலை 9 மணிக்குக் கோட்டை வாசலில் இருந்தால், 4 மணிக்கு மாம்பலம் ரயிலைப் பிடித்துவிடலாம்.